புது ட்ரெயிலரின் அடிவயிறு

ரைஹானாவுக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம் என்பது ரெக்ஸ்டேல் பகுதியில் அவளைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். விருந்து வீடுகளில் கிளாஸை ஒருமுறை முகர்ந்து பார்க்காமல் தண்ணீர் குடிக்கமாட்டாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது அவளுடைய வேலை. கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு, யாரும் கேட்காமலே, கையுறை போட்டு எல்லா இருக்கைகளையும் துடைத்துவிட்டுத்தான் பஸ்ஸை விட்டு இறங்குவாள். நெடுஞ்சாலையோரக் கழிவறைக்குள் போகவேண்டி வந்துவிட்டால், வீட்டுக்கு வந்து குளிக்கும்வரை ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

அதனால்தான் கனடாவுக்கு வந்து இவ்வளவு காலமாகியும் அந்தக் குடும்பம் ஒரு கோடைக்குக்கூட ஏரிக்கரையில் போய்த் தங்கியதில்லை. அவளுடைய கணவன் ஸம்சுதீனுக்கு ஏரி என்றால் ஆசை. புது வீடுகளுக்குத் திரைச்சீலையும் பிளைண்ட்ஸும் பொருத்துகிற தொழில் அவனுக்கு. கோடை முழுவதும் மற்றவர்களின் ஜன்னல்களில் தொங்கிக்கொண்டே காலம் போய்விடுகிறது என்று சிரித்துக்கொண்டு சொல்வான். அதற்குமேல் வற்புறுத்தமாட்டான். எதையும் வற்புறுத்துகிற ஆள் அவன் இல்லை.

வழியைக் கண்டுபிடித்தது மகள் மின்ஹாதான். பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

"உம்மா, ட்ரெயிலர் ஒண்டு வாங்குவம். எங்கட கட்டில், எங்கட குசினி, எங்கட ரொய்லெற். புதுசா வாங்கினா ஒருத்தரும் பாவிச்சிருக்க மாட்டினம். லைக், நீங்கதான் ஃபர்ஸ்ற்."

அந்தக் கடைசி வசனம் ரைஹானாவின் மனதில் விழுந்துவிட்டது.

ஒஷாவா நகரத்துக்கு அங்கால், பெருந்தெருவோரமாக, வாகனத்துக்குப் பின்னால் இழுத்துப் போகிற சக்கர வீடுகளை விற்கிற ஒரு ட்ரெயிலர் விற்பனையிடத்துக்குப் போனார்கள். அங்கே விற்பனையாளனாக இருந்தவன் பிரியந்தன். ரூஜ் பகுதியில் அவனுடைய தாய் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் பிளைண்ட்ஸ் போட்டது ஸம்சுதீன் என்பதால் முன்பே பழக்கம். முப்பது வயதுக்குள்ளான பெடியன், மரியாதையானவன். வாசலிலேயே ஓடிவந்து, "வாங்கோ அங்கிள், வாங்கோ அன்ரி" என்று கூட்டிப்போனான்.

ரைஹானா கட்டிலையும் பார்க்கவில்லை, அடுப்பையும் பார்க்கவில்லை. நேரே கழிவறைக் கதவைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. மூடியின் மேல் பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றப்படவில்லை.

"தம்பி, இதில ஒருத்தரும் இருக்கேல்லைத்தானே?"

"அன்ரி, பெக்டரியில இருந்து நேர வந்தது. இன்னும் ஒரு கையும் படேல்லை."

வங்கிக் கடனுக்குக் கையெழுத்து வைத்தார்கள். ஸம்சுதீனின் பிக்கப்பில் அதைக் கொழுவி, பஸ் ஓட்டிய கையாலேயே ரைஹானா வீடுவரை ஓட்டிக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் நிறுத்தியபோது பக்கத்து வீட்டு ரதி வந்து, உள்ளே ஏறிப் பார்த்து, "சின்ன வீடேதான் அக்கா" என்றாள். ரைஹானா அவளைச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவிட்டாள்.

ஜூலையில் முதல் பயணம். ஹூரோன் ஏரிக்கரையில் ஒரு முகாம் இடம் பதிவு செய்திருந்தார்கள். போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தால், மேல் அலுமாரியின் கதவு ஒன்று கழன்று தரையில் கிடந்தது. ஸம்சுதீன் எடுத்துப் பார்த்தான். ஆணி பிடித்திருந்த இடம் மரமல்ல. மரத்தின் படம் ஒட்டிய மட்டை. விரல் நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது.

"ரோட்டு அடிச்சதில கழண்டிருக்கும்," என்று சொல்லி, பசை தடவி ஒட்டிவிட்டான்.

இரண்டாம் நாள் பின்னேரம் மழை பெய்தது. கட்டிலுக்கு மேலிருந்த ஜன்னலின் மூலையால் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. மின்ஹா சுவரை விரலால் அழுத்தினாள். தேத்தண்ணியில் தோய்த்த பாண் போல அது உள்ளே போய், விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"உம்மா, திஸ் இஸ் நோட் நோர்மல்."

"மழை எண்டா ஒழுகுந்தானே," என்றான் ஸம்சுதீன். "போய்ச் சொன்னாத் திருத்தித் தருவாங்கள். அதுக்காக இப்ப ஏன் மூஞ்சையை நீட்டிக்கொண்டிருக்கிறியள்?"

நனைந்த மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துவிட்டு, மற்றக் கட்டிலில் மூவருமாக நெருங்கிப் படுத்தார்கள். குறைந்தது கழிவறையாவது சுத்தமாக இருக்கிறது என்று ரைஹானா தன்னைத் தேற்றிக்கொண்டாள். கழிவுத் தாங்கி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டுகிற சிறிய விளக்குகள் குசினிச் சுவரில் இருந்தன. மூன்று பேர் பாவித்தும் 'காலி' என்றே காட்டின. பெரிய தாங்கியாக்கும் என்று நினைத்தார்கள்.

அடுத்த நாள் காலையில் நாற்றம் எழுந்தது. ரைஹானா கழிவறையை பிளீச் ஊற்றித் தேய்த்தாள். போகவில்லை. குசினியைத் துடைத்தாள். அதுவும் இல்லை. ஜன்னல்களைத் திறந்தால் நாற்றம் கூடியது. வெயில் ஏற ஏற அது தரைக்குக் கீழிருந்து வருகிறது என்று தெரிந்தது.

ஸம்சுதீன் வெளியே போய், புல்லில் மல்லாந்து படுத்து, ட்ரெயிலருக்குக் கீழே நகர்ந்து போனான். அடிப்பக்கம் முழுவதையும் மூடி ஒரு கறுப்பு பிளாஸ்ரிக் தகடு அடித்திருந்தார்கள். அது நடுவில் சினைமாட்டின் வயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"மழைத்தண்ணி தேங்கி நிக்குது," என்று கீழேயிருந்து சத்தம் கொடுத்தான். "சின்ன ஓட்டை ஒண்டு போட்டா வடிஞ்சிடும். மின்ஹா, அந்த ஸ்க்ரூட்றைவரை எடுத்துத் தா."

மின்ஹா எடுத்துக் கொடுத்தாள். அவன் குத்தினான்.

அது மழைத்தண்ணீர் இல்லை. மூன்று நாளாக அந்தக் குடும்பத்தின் உடம்பிலிருந்து போனதெல்லாம் அங்கேதான் தேங்கியிருந்தது. கிழிந்த இடம் இன்னும் கிழிந்து, அத்தனையும் ஒரேயடியாக அவன் முகத்தில், தாடியில், திறந்திருந்த வாயில், நெஞ்சில் கொட்டியது. கத்த வாயைத் திறந்தவன் கத்த முடியாமல் மூடிக்கொண்டான். கைகளை ஊன்றிப் பின்னோக்கி நகர்ந்து வெளியே வந்து, எழுந்து, கண்ணைத் திறக்காமல் நின்றான். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

மின்ஹா மரத்தடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அடுத்த இடத்தில் கூடாரம் போட்டிருந்தவர்கள் காலைச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

ரைஹானா ஒரு கணம்தான் நின்றாள். பிறகு அவனுடைய கையைப் பிடித்தாள். வெறுங்கையால். பொதுக் குழாயடிவரை அவனைக் குருடனைப் போல நடத்திக் கூட்டிப்போய், எல்லோருக்கும் முன்னால் சட்டையைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு, கழுவிக் கழுவி, மறுபடியும் சவர்க்காரம் போட்டாள். அவன் துப்பிக்கொண்டே இருந்தான்.

"கண்ணைத் திறக்காதேங்கோ. வாயைத் திறக்காதேங்கோ. நான் சொன்னாப் பிறகு திறவுங்கோ," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுகிறாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

பூங்கா ஊழியர்கள் வந்தார்கள். அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். கழிவு உறிஞ்சுகிற லொறியை அழைத்துவிட்டு, அது வேலையை முடித்ததும் புறப்பட்டுவிடச் சொன்னார்கள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் ஒருவர்கூடக் கிட்ட வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஸம்சுதீன் காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் விழுந்தான். எழும்பிய பிறகும் பல நாள் சோற்றை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டு வைத்துவிடுவான்.

ட்ரெயிலரை விற்பனையிடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சேர்விஸ் பகுதியின் மனேஜர் எட்வேட் என்ற வெள்ளைக்காரன். உயரமானவன். இஸ்திரி போட்ட சட்டை, நிதானமான குரல். அடித்தகட்டின் ஓரத்தைக் கழற்றிப் பார்த்த தொழிலாளி உண்மையைச் சொல்லிவிட்டான். கழிவறையிலிருந்து தாங்கிக்குப் போகிற பைப் ஒட்டப்படவே இல்லை. பசை தடவிய அடையாளமே கிடையாது. சும்மா செருகிவிட்டிருந்தார்கள். முதல் நாள் ரோட்டிலேயே கழன்றிருக்கும்.

எட்வேட் ஆங்கிலத்தில் ஆறுதலாக விளக்கினான். ட்ரெயிலர் என்பது ஓடுகிற வீடு. ரோட்டில் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டுக்கு ஒரு பூமியதிர்ச்சி. புது ட்ரெயிலர் எதுவானாலும் முதல் வருடம் இப்படிச் சில 'சின்ன விசயங்கள்' இருக்கும்.

"பூமியதிர்ச்சி வரும் எண்டு தெரிஞ்சால், பசை பூசலாமே?" என்று ரைஹானாவும் ஆங்கிலத்தில் கேட்டாள்.

எட்வேட் புன்னகைத்தான். எல்லாவற்றையும் திருத்திச் சுத்தமாக்கித் தருவதாகச் சொன்னான்.

ஜூலை போனது. ஓகஸ்ற் போனது. போன் எடுத்தால், பாகம் வரவில்லை, ஆள் லீவு, அடுத்த கிழமை என்றார்கள். ஸம்சுதீன் ஏரியைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டான். பள்ளிக்கூடம் தொடங்கி, ரைஹானா மறுபடி பஸ் ஓட்டப் போன பிறகுதான், வந்து எடுத்துப் போகலாம் என்று செய்தி வந்தது.

கதவைத் திறந்ததும் லவண்டர் வாசனை மூக்கில் அடித்தது. மூச்சு முட்டுகிற அளவுக்கு அடித்தது.

"ஏன் இவ்வளவு சென்ற்?" என்று கேட்டாள்.

"சுத்தம் செய்தபோது அடித்தது," என்றான் எட்வேட்.

வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தார்கள். வாசனை போகப் போக, அதற்குக் கீழே படுத்திருந்தது எழும்பி வந்தது. செப்டெம்பர் வெயில் இன்னும் குறையாத நாட்கள். அடித்தகட்டில் இலையான்கள் கூட்டமாக மொய்த்தன. ரதி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, தயங்கித் தயங்கி, "அக்கா, குறை நினையாதேங்கோ, உங்கட வீட்டு ட்ரெயினேஜ் எங்கயும் அடைச்சிருக்கோ?" என்று கேட்டாள்.

அன்றைக்கே ரைஹானா கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஸம்சுதீனின் பெட்டியிலிருந்து சீலை வெட்டுகிற கத்தியை எடுத்தாள்.

"வெட்டாதை," என்றான் ஸம்சுதீன். "வொரண்டி போயிடும். இன்னொருக்கா அவங்களிட்டயே குடுத்துப் பாப்பம். மனிசரோட கொழுவி என்னத்தைக் காணப்போறம்?"

"நீங்க தள்ளி நில்லுங்கோ. உங்களை நான் கீழ விடமாட்டன்."

ஒரு பக்கத்தைக் கீறி, தகட்டை மடித்துப் பிடித்தாள். முதலில் கண்ணில் பட்டது ஒரு துண்டு ஒட்டுநாடா. ஸ்க்ரூட்றைவரால் ஸம்சுதீன் குத்திய ஓட்டையின் மேல் அதை ஒட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் வேலை. குளிருக்காக உள்ளே வைத்திருந்த இளஞ்சிவப்புப் பஞ்சு அப்படியே இருந்தது. இளஞ்சிவப்பாக இல்லை. மண்ணிறமாக, ஊறி, கட்டிபட்டு, மூட்டை மூட்டையாகத் தொங்கியது. அதற்குள் புழு நெளிந்தது. பலகையில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பஞ்சை இழுத்தபோது ஒரு சோடாப் போத்தல் உருண்டு விழுந்தது. பாதிக்கு மண்ணிறத் தண்ணீர். ரைஹானா அதை உயர்த்திப் பார்த்தாள். யாரோ ஒருவன் தொழிற்சாலையில் புகையிலையை மென்று மென்று துப்பி, மூடியைப் பூட்டி, அவளுடைய வீட்டின் தரைக்குக் கீழே வைத்து அடைத்துவிட்டிருந்தான்.

'இன்னும் ஒரு கையும் படேல்லை.' வேலியோரம் போய்க் குந்தியிருந்து, வயிற்றில் ஒன்றும் மிஞ்சாமல் போகும்வரை ஓங்காளித்தாள்.

மின்ஹா எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினாள். எட்வேட் போனில் சொன்ன பதில் சுருக்கமானது: நீங்களாகவே வெட்டியபடியால் இனி எங்கள் பொறுப்பு இல்லை.

இரண்டொரு நாளில் பிரியந்தன் வந்தான். கையில் ஒரு கேக் பெட்டி. கதிரையின் நுனியில் இருந்தான்; தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அங்கிள், அன்ரி, நான் கதைச்சுப் பாத்தன். ஒரு வழி இருக்கு. நீங்கள் உதைத் திருப்பிக் கொண்டுவாங்கோ. ட்ரேட்-இன் மாதிரி நாங்கள் எடுக்கிறம். கொஞ்சம் நட்டம் வரும், ஆனா கடன்ல பெரும்பகுதி கழிஞ்சிடும்."

ஸம்சுதீனின் முகம் தெளிந்தது. "பாத்தியா, நான் சொன்னன்தானே."

"எடுத்து என்ன செய்வியள்?" என்று கேட்டாள் ரைஹானா.

"கீழ மூடிப்போட்டு, கிளீன் பண்ணி, குளிர் முடிய ஸ்பிரிங் சீசன்ல விப்பினம்."

"ஆருக்கு?"

பிரியந்தன் கேக் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆரோ ஒருத்தருக்கு, அன்ரி."

ரைஹானா எழும்பினாள். "வாரும் தம்பி. ஒருக்கா உள்ள போய்ப் பாத்திட்டு வந்து கதைப்பம்."

அவன் மறுக்க முடியாமல் பின்னால் போனான். ட்ரெயிலர் கதவு நாலைந்து நாள் பூட்டிக் கிடந்தது. அவள் திறந்துவிட, அவன் ஏறினான். கட்டில்வரை போனான். திரும்பி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, படியில் தடுக்கி இறங்கி, வாசலிலேயே சத்தி எடுத்தான். ரைஹானா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அன்ரி, சத்தியமாச் சொல்லுறன், நான் ஒரு நாளும் ட்ரெயிலரில படுத்ததில்லை," என்றான், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "விக்கத்தான் தெரியும். இந்த வருசம் இன்னும் ரெண்டு ட்ரெயிலர் இதே பைப் கழண்டு வந்தது. எட்வேட்டுக்குத் தெரியும். மிச்ச ட்ரெயிலருகளை ஒருத்தரும் கழட்டிப் பாக்கேல்லை. நான் சொன்னனெண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

அவன் போன பிறகு ஸம்சுதீன் அவன் தொடாத தேத்தண்ணியை எடுத்துப்போய்க் குசினியில் ஊற்றினான். பிறகு மெதுவாக, "குடுத்திட்டு விடுவம் ரைஹானா. எங்களுக்கு நிம்மதி வேணும்" என்றான்.

அவனை அவளுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறாம் ஆண்டு ஒரு காலையில், முஸ்லிம்கள் எல்லோரும் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்று ஆயுதம் ஏந்திய இயக்கத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னபோது, பதின்மூன்று வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன். அன்றைக்கு வாயைத் திறக்காமல் நடந்ததால்தான் உயிர் தப்பியது என்று அவனுக்குள் பதிந்துவிட்டது. அதற்காக அவள் அவனோடு ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. இந்த முறையும் பிடிக்கவில்லை.

"கொண்டுபோய்க் குடுப்பம்," என்றாள். "ஆனா எப்ப குடுக்கிறது எண்டு நான் சொல்லுறன்."

ஒக்ரோபரில் அந்த விற்பனையிடத்தில் பருவமுடிவு மலிவு விற்பனை நடந்தது. பலூன் கட்டி, பாட்டுப் போட்டு, வருகிறவர்களுக்கு இலவசச் சாப்பாடு கொடுத்தார்கள். ரைஹானா ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு போய், விற்பனையிடத்தின் காணிக்குள் போகாமல், வாசலுக்கு நேரே பொதுத்தெருவின் ஓரமாக நிறுத்தினாள். கதவைத் திறந்து, படியை இறக்கிவிட்டு, பக்கத்தில் கைகட்டி நின்றாள். பலகை எதுவும் பிடிக்கவில்லை, சத்தமும் போடவில்லை. ஸம்சுதீன் பிக்கப்புக்குள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். மின்ஹா போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தபடி எதிர்ப்பக்கம் நின்றாள்.

வந்தவர்கள் அதையும் விற்பனைக்கு வைத்ததென்றே நினைத்தார்கள். முதலில் ஒரு வயதான சோடி ஏறி, ஏறிய வேகத்தில் இறங்கியது. என்ன இது என்று கேட்டார்கள். ரைஹானா நடந்ததைச் சொன்னாள். அதற்குப் பின்னால் வந்தவர்கள் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே, அவர்களுடைய பிள்ளை, மூன்று வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை, கூட்டத்துக்குள்ளால் புகுந்து படியேறி உள்ளே ஓடிவிட்டது.

பிக்கப்பின் பக்கக் கண்ணாடியில் ஸம்சுதீன் அதைக் கண்டான். திரும்பி, கட்டிலுக்கு மேலிருந்த ஜன்னலால் உள்ளே பார்த்தான். குழந்தை அந்த மெத்தையில் குப்புறப் படுத்து, கன்னத்தை வைத்துத் தேய்த்துவிட்டு, ஈரமான சுவரைத் தொட்ட விரலை வாய்க்குள் வைத்தது.

"தொடாதை! வாயில வைக்காதை!"

அந்தக் குரலை ரைஹானாவே அதற்கு முன் கேட்டதில்லை. தமிழில்தான் கத்தினான். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிவந்து, உள்ளே பாய்ந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். தன் சட்டை நுனியால் அதன் விரல்களைத் துடைத்தான். வாயைத் துடைத்தான். குழந்தை அழுதது. தாய் பதறிப்போய் வாங்கிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் எட்வேட் வந்து சேர்ந்தான். உடனே இதை இங்கிருந்து அகற்றாவிட்டால் பொலிசைக் கூப்பிடுவேன் என்றான்.

"கூப்பிடு," என்றான் ஸம்சுதீன். அவனுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தடக்கும். அன்றைக்குத் தடக்கவில்லை. "அதுக்கு முதல் நீ உள்ள வா. திருத்தியாச்சு, சுத்தமாக்கியாச்சு எண்டு சொன்னாய்தானே? வந்து அந்தக் கட்டில்ல இரு. நான் அந்த அடுப்பில தேத்தண்ணி போட்டுத் தாறன். ரெண்டு பேரும் இருந்து குடிப்பம். வா."

எட்வேட் படியைப் பார்த்தான். சுற்றி நின்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். "நான் உள்ளே போகவேண்டிய தேவை இல்லை," என்றான்.

"ஏன்?"

"தேவை இல்லை."

"உன்ர முகத்துக்கு நேர கேக்கிறன். ஏன்?"

எட்வேட் திரும்பித் தன் அலுவலகத்துக்குள் போய்விட்டான். குழந்தையின் தாய் அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கணவனை இழுத்துக்கொண்டு தங்கள் காருக்குப் போனாள். அன்றைக்குப் பின்னேரம்வரை அந்தத் தெருவோரத்தில் நின்றார்கள். பொலிஸ் வரவில்லை.

பத்து நாளுக்குள் விற்பனை நிறுவனத்தின் வழக்கறிஞரிடமிருந்து செய்தி வந்தது. ட்ரெயிலரைத் திருப்பி ஒப்படைத்தால் கொடுத்த விலை முழுவதும் திரும்பக் கிடைக்கும். இரண்டு நிபந்தனைகள். எடுத்த வீடியோவை அழிக்கவேண்டும். இதைப் பற்றி இனி யாரிடமும், எங்கேயும், ஒரு வார்த்தை பேசக்கூடாது.

மின்ஹா ஆறுதலாக மூச்சுவிட்டாள். "தாங்க் கோட். சைன் பண்ணுங்கோ வாப்பா, இட்ஸ் ஓவர்."

ரைஹானா வழக்கறிஞருக்குப் போன் எடுத்து ஒன்றே ஒன்று கேட்டாள். திருப்பித் தந்த பிறகு இதை அழிப்பீர்களா? அது நிறுவனத்தின் சொத்தாகிவிடும், புதுப்பித்து விற்பதா இல்லையா என்பது அவர்களுடைய விருப்பம் என்று பதில் வந்தது. அவள் போனை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். கையெழுத்து வைத்துவிடலாம் என்றுதான் சொல்லப்போகிறான் என்று நினைத்தாள். வைத்தாலும் அவனில் பிழை சொல்லக்கூடாது என்றும் நினைத்துக்கொண்டாள்.

"நான் குடுக்கமாட்டன்," என்றான் ஸம்சுதீன்.

"வாப்பா?"

"உதை நான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். உடைப்பம்."

"வாப்பா, திஸ் இஸ் க்ரேஸி. கடன் இருக்கு! அவங்கட குப்பையை அவங்களிட்டக் குடுத்திட்டு, காசை வாங்கிக்கொண்டு போகாம—"

"அந்தப் பிள்ளை விரலை வாயில வைச்சது நீ பாக்கேல்லை, மகள். நான் பாத்தன். அது என்ன ருசி எண்டு இஞ்ச எனக்கு மட்டுந்தான் தெரியும்." அவன் சற்று நிறுத்தினான். "கடனை நான் கட்டுவன். ரெண்டு வீட்டுக்குக் கூடப் போய் பிளைண்ட்ஸ் போடுவன். கதைக்கக்கூடாது எண்டு வேற சொல்லுறாங்கள். முந்தி ஒருக்கா ஒண்டும் கதைக்காம நடந்தனான். அப்ப வேற வழி இருக்கேல்லை. இப்ப இருக்கு."

ரைஹானா எழும்பிப் போய் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். மின்ஹா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் பைத்தியக்கார வேலை என்றார்கள். பள்ளிவாசலில் ஒருவர் ஸம்சுதீனைத் தனியே கூப்பிட்டு, வீடு வாசல் உள்ள மனிதன் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அவன் சலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

நவம்பரில் ஒரு குளிர்ந்த காலையில், ஒஷாவாவைத் தாண்டி, விற்பனையிடத்துக்கும் அங்கால், பழைய வாகனங்கள் உடைக்கிற ஒரு இடத்துக்கு அதை இழுத்துப் போனார்கள். இயந்திரம் ஓட்டுகிற அன்ட்ரூ சுற்றி வந்து பார்த்தான். இது இந்த வருட மொடல் அல்லவா என்று கேட்டான். ஆம் என்றார்கள். அவனுக்கு ஆச்சரியம் வரவில்லை. தோளைக் குலுக்கிவிட்டு, இதைவிடப் புதுசும் இங்கே வந்திருக்கிறது என்றான்.

இயந்திரத்தின் இரும்பு நகம் போன்ற கையை உயர்த்தி, கூரையில் வைத்து அமத்தினான். வீடு ஒன்று இடிகிற சத்தம் வரும் என்று ரைஹானா எதிர்பார்த்தாள். பிஸ்கட் பெட்டியை மிதித்த மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. சுவர்கள் எதிர்க்கவே இல்லை. குசினி, கட்டில், மரத்தின் படம் ஒட்டிய மட்டைகள் எல்லாம் மடிந்து ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. உடைந்த இடமெங்கும் மெல்லிய கம்பிப் பின்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கடதாசியைக் கடதாசியோடு பிடிக்கிற பின்கள். அடிப்பகுதி கிளம்பியபோது நாற்றம் கடைசித் தடவையாக எழுந்து முற்றம் முழுவதும் பரவியது. அன்ட்ரூ இயந்திரத்தின் கண்ணாடியை மூடினான். ரைஹானா முகத்தை மூடவில்லை. கடைசிச் சுவரும் விழும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இவ்வளவுதானா?" என்றான் ஸம்சுதீன். "இதுக்குள்ளயா எங்களைப் படுக்க வைச்சவங்கள்?" தரையில் துப்பினான்.

திரும்பும் வழி அந்த விற்பனையிடத்தைத் தாண்டித்தான் போகும். புதிதாக ஒரு தொகுதி வந்திறங்கியிருந்தது. வரிசை வரிசையாக, வெள்ளை வெளேரென்று, பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றாமல் நின்றன. மூன்றாவது வரிசையில் ஒரு இளம் தாய், கையில் பிள்ளையோடு, ஒன்றின் படியில் காலை வைத்துக்கொண்டிருந்தாள். பிரியந்தன் அங்கே இல்லை, வேலையை விட்டுவிட்டானாம். வேறொரு விற்பனையாளன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ரைஹானா சிக்னல் போட்டாள்.

"எங்க திருப்புறாய்?" என்று கேட்டான் ஸம்சுதீன்.

"அந்தப் பிள்ளையின்ர தாயோட கொஞ்சம் கதைக்கவேணும்."

பிக்கப் நிற்கும் முன்பே அவன் சீற் பெல்ற்றைக் கழற்றிவிட்டான்.